வெள்ளையடிப்பதற்கு முன் வந்துவிடு

சென்னை,
கார்த்திகை 3

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு யாவரும் நலம். நீயும் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று மறக்காமல் எழுது.

ஆடியில் வந்த உன் கடிதத்துக்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். இதற்கு நான் எந்தக் காரணமும் சொல்லப் போவதில்லை, மன்னித்துக்கொள். நேற்று இரவு எங்கள் கலைக்கூடத்தில் ஐப்பசிக் கண்காட்சியின் படங்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் போலவே இருக்கிறது.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை கண்காட்சியை மாற்றுவதும், மாவட்டங்களிலிருந்து வரும் ஓவியர்களுக்கே முதலிடம் கொடுப்பதும் எங்கள் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். இம்முறை வந்தவர் கோவில்பட்டிப் பெரியவர் ஒருவர். நாற்பது ஆண்டுகள் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழில் படுத்துவிட்ட பிறகு, கையிலிருந்த எனாமல் பெயிண்டையும் தூரிகைகளையும் கொண்டே தகரத்தில் தம் ஊரை வரையத் தொடங்கியிருக்கிறார். நமக்கு வெகுகாலம் முன்பு சென்னை ஓவியப் பள்ளியில் படித்த கொண்டைய ராஜு, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைசியில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டதையும், அவர் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்ததையும், ஏதோ சொந்தச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வது போல இவர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இருபத்திரண்டு தகரங்களைப் பழைய வேட்டிகளில் சுற்றிக் கட்டிக்கொண்டு, முத்துநகர் வண்டியில் வந்து காலையில் எழும்பூரில் இறங்கினார். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 58 அங்குல உயரத்தில், நிற்பவர் கண்ணுக்கு நேராக வரும்படி நாங்கள் மாட்டிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு தாழவா மாட்டுவீங்க? நான் எழுதினது எல்லாமே அண்ணாந்து பாக்குறவங்களுக்குத்தானே" என்றார். நான் ஏணியை எடுத்து வந்து இரண்டு தகரங்களை வாசல் நிலைக்கு மேலே மாட்டினேன். அந்த இரண்டும்தான் கூடத்திலேயே சிறப்பாக அமைந்தன.

கண்காட்சியின் தலைப்பை அச்சடித்து ஒட்டுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. நூலில் சுண்ணப்பொடி தடவி, ஒரு முனையை என்னிடம் பிடிக்கக் கொடுத்து, நடுவில் ஒரு சுண்டு சுண்டினார்; சுவரில் நேர்கோடு விழுந்தது. பிறகு இடது கையில் பிடித்த குச்சியின் மேல் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு எழுதத் தொடங்கினார். 'ழ'வின் வால் கீழே இறங்கி வளைந்து முடியும்வரை அவர் தூரிகையை எடுக்கவும் இல்லை, மூச்சு விட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவியங்களின் முன்னால் நீயும் நானும் வாயடைத்து நின்றோமே, அந்த நாள் நினைவுக்கு வந்தது. எழுத்தைப் பொருளிலிருந்து விடுவித்து வடிவமாகவே பார்க்கலாம் என்பதை நாம் அங்கே கற்றுக்கொண்டோம். இவரோ அதை ஒரு சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்கிக்கொண்டே வாழ்நாள் முழுவதும் செய்திருக்கிறார்.

இனி என் கவலைக்கு வருகிறேன். தை முதல் கண்காட்சிகளைப் பத்து நாளுக்கு ஒரு முறை மாற்றலாம் என்று குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிட்டது, எல்லாருக்கும் விரைவில் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்கிறார்கள். இது நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வெளியூரிலிருந்து லாரி வாடகை கொடுத்துப் படங்களைக் கொண்டு வருபவருக்குப் பத்து நாள் என்பது, பெட்டியைப் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டுவதற்குத்தான் போதும். முதல் வாரத்தில் வருபவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். பூமாலையோடு வந்து, படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் மீசைக்காரர்கூட முதல் நாளே வந்து, காபி குடித்து, ஒரு தகரத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் போனார். தெருக்காரர்கள் தயங்கித் தயங்கி உள்ளே வருவது மூன்றாவது வாரத்தில்தான்.

இருபத்துமூன்றாம் நாள் நடந்ததைக் கேள். எதிர்த் தெருப் பையன் ஒருவன் அதற்கு முன்பே மூன்று முறை தனியாக வந்திருந்தான். அன்று தன் தாத்தாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். அவர் ஒரு காலத்தில் மவுண்ட் ரோட்டில் நின்ற சினிமா பேனர்களை வரைந்தவர். தகரத்தில் பெயிண்ட் காய்ந்த பளபளப்பை விரல் படாமல் அருகில் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த ரோஸ் கலருக்கு வெள்ளையோட என்ன கலந்தீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், இரண்டு பெரியவர்களும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிறிய புகைப்படத்தில் கட்டம் போட்டு அதை நாற்பதடி முகமாக எழுப்புவது எப்படி என்று ஒருவர் சொல்ல, தெருவின் அகலத்தைப் பார்த்து எழுத்தின் தடிமனைத் தீர்மானிப்பது எப்படி என்று மற்றவர் சொல்ல, மூடும் நேரம் கடந்தும் நான் விளக்கை அணைக்கவில்லை. பத்து நாள் கண்காட்சியாக இருந்திருந்தால் அந்தச் சுவரில் அப்போது வேறு யாருடைய படமோ இருந்திருக்கும்.

1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டதும் ஓவியத்துக்கு அவகாசம் வேண்டும் என்பதற்காகத்தானே? பார்ப்பவருக்கும் அதே அவகாசம் வேண்டாமா?

உன்னிடம் இதை வலியுறுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. உன் கண்காட்சிக்கென்று ஐந்து நாளுக்கு வாடகைக்கு எடுத்த அந்த மண்டபமும், நான்கு நாள் விடாமல் பெய்த மழையும், திரும்பி வந்த நீர்வண்ணப் படங்களில் பூத்திருந்த பூஞ்சையும் உன்னை என்ன செய்தன என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். அதற்குப் பிறகு நீ யாருக்கும் படம் காட்டவில்லை. பீரோவின் மேல் தாள்கள் ஏறிக்கொண்டே போவதாகத் தங்கை எழுதியிருந்தாள். நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளை நீ வரைந்தவையும் அதில் இருக்கின்றனவாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ!

மாசி மாதத்தை உனக்காகக் கேட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் தகரமும் மரமும் மட்டும், காகிதம் என்றால் ஈரம் வற்றிய மாசிக்குப் பிறகுதான் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். நீர்வண்ணத்தின் மேல் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழாதபடி விளக்குகளை மாற்றியாயிற்று. கண்ணாடி தாளில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிட நம்பகமான ஆள் இருக்கிறார். நீ படங்களோடு வந்தால் போதும். கோந்துப் பாட்டிலை மட்டும் தயவுசெய்து ஊரிலேயே விட்டுவிடு. மார்கழிக் கூட்டத்தில் பத்து நாள் பேச்சு மறுபடியும் வரும். குறுகிய கண்காட்சி ஓர் ஓவியனை என்ன செய்யும் என்று நீ குழுவுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், நான் பத்து முறை பேசுவதைவிட அது எடுபடும்.

படங்கள் கோவில்பட்டிக்குக் கிளம்பிவிட்டன. பெரியவர் சுவரில் எழுதிய தலைப்பை மட்டும் இன்னும் விட்டு வைத்திருக்கிறேன். வெள்ளையடிப்பவர் அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறார். உழவன் வண்டியில் ஏறினால் விடியற்காலையில் எழும்பூரில் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை நான் நிலையத்துக்கு வருகிறேன். அந்த 'ழ'வை நீ பார்க்க வேண்டும்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்