மிடி கோப்பை ஒலிக்கோப்பாக்கக் கட்டணம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மிடி கோப்புகளைக் கைப்பேசியில் கேட்க வழி கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு, அவற்றைக் கட்டண இணையதளம் ஒன்றில் பதிவேற்றி எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளுமாறு தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் விடை தரப்பட்டிருந்தது. பாளையங்கோட்டையில் திருச்சபைப் பாடகர் குழு ஒன்றுக்குப் பல ஆண்டுகளாகக் கீபோர்டு வாசித்துப் பயிற்சியும் அளித்து வருபவன் என்ற முறையில், அந்த விடை போதாது என்று கருதுகிறேன். பணச் செலவு ஒருபுறம் இருக்க, மிடி என்றால் என்ன என்பதையே அது சொல்லாமல் விட்டுவிட்டது.

மிடி கோப்புக்குள் ஒலி எதுவும் இல்லை. எந்தச் சுரத்தை எப்போது, எவ்வளவு அழுத்தமாகத் தொட வேண்டும், எப்போது விட வேண்டும் என்பன போன்ற குறிப்புகள் மட்டுமே அதில் உள்ளன. வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் (மின்னணு இசைக்கருவிகள்) ஒன்றையொன்று இயக்குவதற்காக 1983இல் வெளியான பொது நெறிதான் மிடி. பின்னர் 1991இல் வந்த ஜெனரல் மிடி என்ற ஏற்பாடு 128 வாத்தியங்களுக்கு வரிசை எண் கொடுத்தது: 1 என்றால் பியானோ, 41 வயலின், 74 புல்லாங்குழல், தாள வாத்தியங்களுக்கு 10ஆம் சேனல். (105இல் சித்தாரும் 112இல் ஷெனாயும் உண்டு, வீணைக்கும் நாகசுரத்துக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை.) ஆகவே, ‘41ஆம் வாத்தியம் இந்தச் சுரத்தை வாசிக்கட்டும்’ என்று கோப்பு சொல்லுமே தவிர, அந்த வயலின் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைக் கேட்பவரின் கருவியே முடிவு செய்கிறது. ஒரே கோப்பு விலையுயர்ந்த கீபோர்டில் இனிமையாகவும் மலிவான கணினியில் பொம்மைப் பெட்டியைப் போலவும் ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

இதை அறியாமல் நானே ஏமாந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கேரல் பாடல்கள் பன்னிரண்டை எம்பி3 ஆக மாற்றித் தருமாறு ஒரு கணினி மையத்தில் கொடுத்தபோது, கோப்புப் பெயரின் இறுதியில் இருந்த ‘மிட்’ என்பதை நீக்கிவிட்டு ‘எம்பி3’ என்று எழுதிக் கொடுத்து, பாடலுக்கு இவ்வளவு என்று பணமும் வாங்கிக்கொண்டார்கள். அவற்றில் ஒன்றுகூட எந்தக் கைப்பேசியிலும் பாடவில்லை. பெயரை மாற்றினால் குறிப்பு ஒலியாகிவிடாது. யாராவது அதை வாசித்தாக வேண்டும். அந்த வாசிப்பை ஒலிப்பதிவாக்கித் தருவதையே நாம் ‘மாற்றுதல்’ என்கிறோம்.

அவ்வாறு வாசிக்கும் இலவச, திறமூல மென்பொருள்களுள் நான் பயன்படுத்துவது ஃப்ளூயிட்சிந்த். அதற்கு மிடி கோப்போடு சவுண்ட்ஃபான்ட் எனப்படும் வாத்திய ஒலித் தொகுப்பு ஒன்றையும் கொடுக்க வேண்டும். உண்மையான வாத்தியங்களை வாசித்துப் பதிவு செய்த ஒலித் துணுக்குகளைக் கொண்ட அத்தொகுப்புகளிலும் இலவசமானவை உண்டு. ஃப்ளூயிட் ஆர்3, ஜெனரல்யூசர் ஜிஎஸ் ஆகிய இரண்டும் பலரும் அறிந்தவை. முடிவின் தரம் பெரும்பாலும் இந்தத் தேர்வையே பொறுத்தது என்பதால், ஒரே பாடலை இரண்டு தொகுப்புகளிலும் ஒருமுறை மாற்றிக் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. கணினியின் கட்டளைச் சாளரத்தில் எழுத வேண்டிய கட்டளை ஒரே வரிதான்: மென்பொருளின் பெயர், -F என்ற குறி (பெரிய எழுத்து எஃப்), உருவாக வேண்டிய வேவ் கோப்பின் (சுருக்கப்படாத ஒலிக்கோப்பின்) பெயர், சவுண்ட்ஃபான்ட், மிடி கோப்பு. எஃப் சிறிய எழுத்தாகிவிட்டால் அதன் பொருளே வேறு. நான் ஒரு மாலைப் பொழுதை அதில் இழந்திருக்கிறேன். கிடைக்கும் ஒலி மெலிதாக இருந்தால் கோப்பில் குறை இல்லை. இம்மென்பொருள் ஒலி அளவை இயல்பாகவே 0.2 என்று குறைத்து வைத்திருப்பதால், அதைச் சற்றே உயர்த்திக்கொள்ள வேண்டும்.

மூன்று நிமிடப் பாடல் வேவ் வடிவில் ஏறத்தாழ 30 மெகாபைட் இருக்கும். அதை ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து எம்பி3 ஆக ஏற்றுமதி செய்தால் சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் மிடி கோப்பையே நேரடியாக ஆடாசிட்டியில் திறந்து எம்பி3 ஆக்க முயல்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

கட்டளை எழுதத் தயங்குவோர் இசைக்குறிப்பு எழுதுவதற்கான இலவச மென்பொருளான மியூஸ்ஸ்கோரை நாடலாம். மிடி கோப்பைத் திறந்ததும் அது ஸ்டாஃப் நொட்டேஷனாக (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பாக) விரிகிறது. அங்கிருந்தே வேவ், எம்பி3, ஃப்ளாக் என்று வேண்டிய வடிவில் ஏற்றுமதி செய்யலாம். கீபோர்டில் கையால் வாசித்துப் பதிந்த கோப்புகளை மட்டும் அதில் திறக்க வேண்டாம் என்பேன். நம் விரல்கள் இயல்பாக முந்துவதையும் பிந்துவதையும் அது தாளக் கட்டத்துக்குள் ஒழுங்குபடுத்தப் பார்ப்பதால், வாசிப்பின் உயிர் போய்விடுகிறது. அத்தகைய கோப்புகளுக்கு ஃப்ளூயிட்சிந்தே ஏற்றது.

எங்களைப் போன்ற குழுக்களுக்கு இதனால் கிடைக்கும் பெரிய பயன், நான்கு குரல்களையும் பிரித்துத் தர முடிவதுதான். மிடியில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் ஆகியவை தனித்தனித் தடங்களாக இருந்தால், மியூஸ்ஸ்கோரின் மிக்ஸரில் (தடங்களின் ஒலி அளவைத் தனித்தனியே மாற்றும் பகுதியில்) ஆல்ட்டோவை மட்டும் உரக்க வைத்து மற்றவற்றைத் தாழ்த்தி ஒரு பதிவும், டெனருக்கு அவ்வாறே இன்னொரு பதிவும் எடுக்கலாம். நொட்டேஷன் படிக்கத் தெரியாத உறுப்பினர்கள் பேருந்தில் போகும்போதே தத்தம் பகுதியைக் கேட்டுப் பழகி வருகிறார்கள். வேகத்தைக் குறைப்பதையும் சுருதியை மாற்றுவதையும் மிடியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். குறிப்பில் செய்யும் மாற்றம் ஒலியைச் சிறிதும் கெடுக்காது. எம்பி3 ஆன பிறகு வேகத்தை அதிகமாகக் குறைத்தாலோ இசை இழுபட்டதுபோல் ஒலிக்கும். இதே காரணத்தால், மாற்றிய பிறகும் மூல மிடி கோப்பை அழித்துவிடக் கூடாது. எம்பி3 ஒன்றிலிருந்து அதன் மிடியைப் பிழையின்றித் திரும்பப் பெறுவது எளிதன்று.

எங்கள் பாடல்கள் பிளாப்பியிலிருந்து பென் டிரைவுக்கு வந்தவை. எல்லாம் சேர்ந்தும் சில மெகாபைட்டுகளே. அவற்றை முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றி, அது தேர்ந்தெடுக்கும் வாத்திய ஒலியை விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை. அந்த வாசகருக்கும் இருக்காது என்று நம்புகிறேன். அடுத்து இதைப் பற்றி எழுதும்போது மேற்கண்ட இலவச மென்பொருள்களின் பெயர்களையும், குறிப்பாகச் சவுண்ட்ஃபான்ட் பற்றிய விளக்கத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாடகர் குழுப் பயிற்றுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.