அண்ணனுக்கு, ப்ளாக் பண்ணிட்டதால இங்க

அண்ணே,

போன்ல ப்ளாக் பண்ணிட்டீக, வீட்டுக்கு வந்தா அண்ணமிண்டி (அண்ணி) முகப்பு வரைக்கும் வந்து "அவுக தூங்குறாக"ங்கிறாக, பகல் பதினோரு மணிக்கு. அதான் இங்க எழுதுறேன். காரைக்குடில நம்ம ஆளுக நாலு பேரு படிப்பாகன்னு தெரியும், அதனால ஸ்கூல் பேரு பயலுக பேரு எதுவும் வராது, அந்த வாய்ஸ் மெசேஜ்ல என்ன இருந்துச்சுன்னும் எழுதப் போறதில்ல.

உங்க மகன் ஸ்கூல் வேன்ல என் மகனோட திக்குவாயக் கேலி பண்றான்னு உங்ககிட்ட சொல்லாம ஸ்கூல்ல எழுதிக் குடுத்தது உங்களுக்கு வலிக்கும்னு தெரிஞ்சுதான் குடுத்தேன், மன்னிச்சுக்கங்க. ஆனா சொல்லியிருந்தா விட்டிருப்பீகளா? "வீட்டுக்குள்ள பேசிக்குவோம் ஆத்தா"ம்பீக. இத்தன நாளும் வீட்டுக்குள்ளதான பேசுனோம். ஸ்கூல்லயும் வாயால சொன்னவரைக்கும் "பாத்துக்குறோம் மேடம்"தான், தேதி போட்டு, வேன்ல எந்த சீட்டு, யாரு என்ன சொன்னான், கூட யாரு இருந்தான்னு எழுதி ஒரு காப்பில சீல் வாங்குன பிறகுதான் பிரின்சிபால் என்னைய உக்காரவே சொன்னாக.

எனக்கு மறக்காதது போன மார்கழி பிள்ளையார் நோன்பு. வளவுல (வீட்டு உள்முற்றத்துல) எல்லாரும் வரிசையா நிக்கிறோம், பெரியப்பச்சி இழை எடுத்துக் குடுக்குறாக, மாவுல நூல்திரி எரியுது, அதோடயே வாங்கி வாயில போட்டுக்கணும். என் பய முறை வந்தப்ப "பேரச் சொல்லி வாங்கிக்கடா"ன்னு சும்மா விளையாட்டுக்குச் சொன்னாக. இவனுக்குப் பேரோட மொத எழுத்துலதான எப்பவும் திக்கும், திக்கிருச்சு. பின்னாலேருந்து உங்க மகன் "ரிப்பீட்டு!"ன்னான். வளவே சிரிச்சுச்சு. நீங்களும் சிரிச்சீக. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டு சிரிக்கலன்னு தெரியும். ஆனா என் மகனும் சிரிச்சான்ணே. இழைய வாங்கி முழுங்கிட்டு எல்லாரையும் விட சத்தமா சிரிச்சான், அந்தச் சிரிப்ப பாத்ததும்தான் புரிஞ்சது, வேன்லயும் இவன் தினம் இப்படித்தான் சிரிச்சுச் சமாளிக்கிறான்னு. காலையில வயித்துவலிங்கிறதும், டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வர்றதும், அட்டெண்டன்ஸுக்கு வாயத் திறக்காம கையை மட்டும் தூக்குறான்னு மிஸ் சொன்னதும் அன்னைக்கு ராத்திரி ஒண்ணா சேந்துச்சு எனக்கு.

உங்க மடியில வச்சுத்தான் அவனுக்குக் காது குத்துனோம். அவன் அழுதப்ப அம்மான் கண்ணுலயும் தண்ணின்னு ஆத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. அப்படிப்பட்ட ஆளு குரூப்புல "என் தங்கச்சி என் மகன போலீஸ்ல மாட்டிவிடப் பாக்குறா"ன்னு போட்டிருக்கீக! போலீசுக்குப் போகணும்னா வழியாண்ணே இல்ல? சிதம்பரத்துல அந்த மெடிக்கல் காலேஜ் பையனக் கொன்ன பிறகு 1997லயே நம்ம தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துருச்சு, கேலி பண்றதும் அதுல சேத்தி, ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலு. நான் அந்தப் பக்கமே போகல. குழந்தைக உதவி நம்பர் 1098க்கும் அடிக்கல. கல்வித்துறை நம்பர் 14417க்கு மட்டும் அடிச்சு எப்படி எழுதிக் குடுக்குறதுன்னு கேட்டேன், அம்புட்டுத்தான்.

குடுக்கவே பயமாத்தான் இருந்துச்சு. 2023ல நாங்குநேரில, ஸ்கூல்ல புகார் சொன்ன பன்னெண்டாப்பு பையன கூடப் படிச்ச பயலுகளே வீடு தேடிப் போயி வெட்டுனானுக, தடுக்க வந்த தங்கச்சியையும் சேத்து. அது சாதி வெறி, நம்ம வீட்டுக் கதைய அதோட சேக்கல, சத்தியமா. ஆனா புகார் குடுத்த பிள்ளைய மறுநாள்லேருந்து யாரு பாத்துக்குவாகன்னு கேட்டு வாங்கிக்கணும்னு அதுலேருந்துதான் தெரிஞ்சது.

உங்க மகனுக்கு டிசி குடுங்கன்னு நான் கேக்கவே இல்ல. அவுகளாத்தான் "சஸ்பெண்ட் பண்ணவா"ன்னாக, வேணாம்னுட்டேன். நான் கேட்டது வேன்ல ஒரு ஆயாம்மா, அப்புறம் வாய்ல பதில் சொல்ற பரீட்சைய இவனுக்கு மட்டும் தனியா வைக்கணும். ரெண்டு பேரையும் எதிரெதிர நிக்க வச்சு கைகுடுக்கச் சொல்லாதீகன்னும் எழுதினேன், பதினொண்ணாப்பு பயலுக்கு முன்னால எட்டாப்பு பய என்னத்தப் பேசுவான், கைகுடுத்துட்டு வெளிய வந்ததும் இன்னும் நாலு வாங்குவான். முக்கியமா வேன்ல கூடச் சிரிக்கிற பிள்ளைகள ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பேசச் சொல்லிருக்கேன். பின்லாந்துல கிவான்னு ஒரு திட்டம், 2009லேருந்து நாடு முழுக்க ஸ்கூல்கள்ல கொண்டுபோனாக, அதுல முக்கியமா மாத்தப் பாக்குறதே இந்தச் சுத்தி நிக்கிறவங்களத்தான். சிரிக்க ஆளில்லன்னா யாருக்கு எதிர ஹீரோவாகுறது?

உங்க மகன்கிட்டயும் யாராச்சும் நிதானமா உக்காந்து பேசணும்ணே. நான் தூக்கி வளத்த பிள்ள, கெட்டவன் இல்ல. பத்தாப்பு மார்க் வந்தன்னைக்கு நீங்க அவன எல்லாரு முன்னாலயும்... வேணாம், அது இங்க வேணாம்.

வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காக, லெட்டர் உங்களுக்கும் வந்திருக்கும். கடைய யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லிட்டு நீங்களே வாங்க, அண்ணமிண்டிய மட்டும் அனுப்பிடாதீக, பாவம் அவுக அழுதுட்டுப் போறதுக்கா. என் மகன் அங்க பேசுறேன்னு சொல்லிருக்கான், எவ்வளவு நேரம் ஆனாலும். நடுவுல நீங்க வார்த்தைய எடுத்துக் குடுக்காதீக.

தங்கச்சி