கயலுக்கு: ஆய்வக அறிக்கையில் வராத அசுத்தம்

அன்புள்ள கயல்,

நியூசிலாந்திலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "சுத்திகரித்த கழிவுநீரில் எல்லா அளவும் வரம்புக்குள்தான் இருக்கிறது, அப்படியும் ஆற்றில் விடக் கூடாது என்கிறார்கள் இந்த நாட்டுப் பூர்வகுடி மாவோரிகள், இதற்கு மேல் என்னதான் செய்வது அம்மா" என்று அலுத்துக்கொண்டிருந்தாய். போனில் பேசினால் நடுவில் புகுந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

குடிநீர் வாரிய ஆய்வகத்தில் தண்ணீர் சோதித்தே ஓய்வு பெற்றவள் நான். எண்களை அலட்சியம் செய் என்று என் வாயால் வராது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கழிவறையில் கிடந்த வாளியைத் தேய்த்துக் கழுவி, வெந்நீர் ஊற்றி, கிருமியே இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அதில் குடிதண்ணீர் பிடித்து வைப்பாயா? மாட்டாய். உங்கள் கழிவுநீர்த் திட்டக் கூட்டத்தில் அந்த மாவோரிப் பெரியவர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான், என்ன, அவருக்கு ஆறு என்பது பாத்திரம் இல்லை, குடும்பத்தில் மூத்த ஆள். அவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது முதலில் மலையைச் சொல்லி, ஆற்றைச் சொல்லி, அப்புறம்தான் தன் பெயருக்கு வருவார்கள் என்று நீதானே சொன்னாய்.

நீ அங்கே போன புதிதில், கூடத் தங்கியிருந்த பெண் சமையலறைத் துண்டை மற்றத் துணிகளோடு மெஷினில் போட விடவில்லை என்று சிரித்தாயே, அதுவும் இதே கணக்குதான். சாப்பாட்டோடு சேர்ந்தது வேறு, உடம்போடு சேர்ந்தது வேறு. இடுகாட்டிலிருந்து வெளியே வரும்போது வாசலிலேயே தண்ணீரைத் தொட்டுத் தெளித்துக்கொள்கிறார்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல் உள்ளே வராத வீட்டில் வளர்ந்த உனக்கு இது புரியாத விஷயமா? ஒவ்வொரு நீருக்கும் ஒரு உயிர் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை, அதை மவுரி என்கிறார்கள். மனிதக் கழிவு அதில் நேராகக் கலந்தால் அந்த உயிர் கெடுகிறது, எவ்வளவு வடிகட்டினாலும் சரி. மண் வழியாக இறங்கினால் மட்டும்தான் மறுபடி சுத்தம், ஏனென்றால் பூமித்தாய் பாபாதுவானுகு அதைத் தன்னிடம் வாங்கிக்கொள்கிறாள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால் ஒரு நல்ல பொறியியல் பாடம் உன் கையை விட்டுப் போகும். அங்கே ரோட்டோருவா ஊரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, குழாய் போட்டுக் கைட்டுனா ஆற்றில் விடத் திட்டம் போட்டார்கள். கிழக்கே இருந்த ங்காட்டி பிக்கியாவோ என்ற மாவோரி இனக்குழு, மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயத்துக்குப் போனது. 1984-இல் தீர்ப்பாயம், அந்தக் குழாயைக் கைவிட்டு நிலத்தில் விடுங்கள் என்று பரிந்துரைத்தது. 1991-இல் இருந்து அந்தத் தண்ணீரை வக்காரேவாரேவா காட்டில் தெளித்தார்கள். ரோட்டோருவா ஏரியில் பாசி பெருகக் காரணமான நைட்ரஜனும் பாஸ்பரசும் நேராக ஏரிக்குப் போகாமல் மண்ணிலும் மரத்திலும் கொஞ்சம் தங்கின. ஆற்றை அவமதிக்காதே என்ற சொல்லும் சத்துக்களைக் குறை என்ற கணக்கும் அங்கே ஒரே காட்டில்தான் போய் நின்றன. எப்போதும் அப்படி நிற்கும் என்று சொல்லவில்லை. நிலம் கிடைக்காத ஊர், செங்குத்தான சரிவு, ஈரம் உறிஞ்சாத களிமண், இதெல்லாம் உனக்குத் தெரிந்த தலைவலிதான்.

அங்கேயே வங்கனுயி ஆற்றின் கதை தெரியும்தானே? மலையிலிருந்து கடல் வரை 290 கிலோமீட்டர். நீராவிப் படகு போக வழி வேண்டும் என்று கரையோர மாவோரிகளின் விலாங்கு மீன் தடுப்புகளை உடைத்தார்கள், சரளைக்கல் அள்ளினார்கள், பிறகு மின்சாரத்துக்காகத் தலைப்பகுதித் தண்ணீரையே வேறு படுகைக்குத் திருப்பினார்கள். ஒரு ஆற்றின் நீரை இன்னொன்றில் கலப்பதே அவர்களுக்கு வலி, அது எந்த மீட்டரிலும் பதியாது. நூறு வருடத்துக்கு மேல் மனுவும் வழக்குமாக அலைந்த பிறகு 2017 மார்ச்சில் ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக அறிவித்தார்கள். மலை முதல் கடல் வரை பிரிக்க முடியாத உயிருள்ள முழுமை, கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் சேர்த்து, என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேர், ஒருவரை அங்குள்ள மக்கள் முன்மொழிவார்கள், இன்னொருவரை அரசு.

அதே மார்ச் 20-ஆம் தேதி நம் உத்தராகண்ட் உயர் நீதிமன்றமும் கங்கை, யமுனை இரண்டையும் நபர்கள் என்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் தடை. வெள்ளம் வந்து ஆள் செத்தால் யார்மேல் வழக்கு என்று மாநில அரசே கேட்டது. இங்கே காப்பாளராகப் போட்டது அதிகாரிகளை, அங்கே ஆற்றோடு பிறந்து அதற்காக அலைந்தவர்கள் கூடவே நின்றார்கள், வித்தியாசம் அதில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் கூட்டத்தில் போய் "எங்கள் ஊரிலும் ஆற்றைக் கும்பிடுவோம்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதே. கும்பிட்டுக்கொண்டே நொய்யலில் சாயம் விட்டவர்கள் நாம்.

அப்புறம், உன் மேலதிகாரி சொன்ன அந்தக் கல் பரப்பிய கால்வாய். சுத்திகரித்த நீரைக் கல்மேல் ஓடவிட்டு "நிலத்தைத் தொட்டுவிட்டது" என்று எழுதிக்கொள்வது. அங்கே ஹேஸ்டிங்ஸ் ஊரில் அப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் மாவோரிகளும் நகராட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி அந்த முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பேச்சை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் காப்பியடித்தால் அது கண்துடைப்பு, முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முடித்த வரைபடத்தோடு போகாதே. முன்னாடியே அவர்கள் ஒன்றுகூடும் இடமான மராயேவுக்குப் போ, கூப்பிட்டால் சாப்பிட்டுவிட்டு வா, எந்த இடத்தில் மீன் பிடிப்பார்கள், எந்த ஊற்று புனிதம், எங்கே யாருமே கால் வைக்க மாட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள். மண்படுகைக்கு எவ்வளவு நிலம் தேவை, மழைக்காலத்தில் எத்தனை நாள் தேக்கி வைக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு எனக்கும் அனுப்பு. மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை இழுக்கிறது என்று நேரில் சோதித்த எண்ணைப் போடு, புத்தகத்தில் இருக்கும் எண் வேண்டாம். நான் உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன்.

அம்மா