எழுதாத அண்ணாச்சிக்கும் எழுதிய எல்லோருக்கும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வருகிற 2020 டிசம்பர் 15ஆம் தேதியோடு, நாம் மின்னஞ்சலில் கூடிப் பேசிவந்த யாஹூ குழுமங்கள் நின்றுபோகின்றன. அதன் பிறகு நான் போடும் மடல் உங்களை வந்து சேராது. நன்றிக்கடனை மிச்சம் வைத்துவிட்டுப் பிரிய மனமில்லாமல் இதை எழுதுகிறேன். 2002இலிருந்து இளையராஜாவின் இசையைப் பற்றி மட்டுமே பேசிவந்த நாம் எதையெல்லாம் இழந்தோம், போன வருடக் கடைசியில் யாஹூ தன் தளத்தில் இருந்த பழைய மடல்களை அழித்தபோது எப்படித் தவித்தோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கதைக்குள் மறுபடி போகவில்லை. முதல் ஐந்து வருட மடல்கள் போயே போய்விட்டன என்று எல்லோரும் கைவிட்ட பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

பழைய மடல்கள் யாரிடமாவது இருந்தால் தாருங்கள் என்று அக்டோபரில் கடைசியாக ஒரு தடவை கேட்டிருந்தேன். சில நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்.

"அக்கா, ராஜபாளையத்துல இருந்து பேசுறேன். எங்க அப்பா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொல்றாங்க. குடுக்கட்டுமா?"

பிறகு தயங்கித் தயங்கி ஒரு குரல்.

"வணக்கம்மா. நான் உங்க குழுவுல ரொம்ப நாளா இருக்கேன். எழுதுனது கிடையாது. எங்கிட்ட காகிதமாக் கொஞ்சம் கெடக்கு. ஆகுமான்னு பாருங்க."

கொஞ்சம் என்றுதான் சொன்னார். அடுத்த வாரம் வந்தது வெள்ளைத் துணியில் தைத்த ஒரு பெரிய பதிவுப் பார்சல். தையலைப் பிரித்தால் உள்ளே அட்டை ஃபைல்கள். ஒவ்வொன்றிலும் பச்சை டேக் கட்டி, மேலே வருடம் எழுதியிருந்தது. இரண்டு ஓரமும் துளை போட்ட டாட் மேட்ரிக்ஸ் காகிதத்தில், மை மங்கி, நம் மடல்கள். ராகம் பற்றிய இழைகள் (ஒரே பேச்சைத் தொடர்ந்த மடல்கள்), பேஸ் கிட்டார் பற்றிய இழைகள், இரண்டாவது இன்டர்லூட், அதாவது இடையிசை பற்றி நாம் வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவை, எல்லாம் தேதிவாரியாக இருந்தன. எது தொலைந்தது என்று அழுதோமோ அது ராஜபாளையத்தில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

எப்படிச் சேர்த்தார் என்பதை மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவராகச் சொல்லவில்லை. நூற்பாலையில் ஃபிட்டர் வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வார விடுமுறையன்று பிரவுசிங் சென்டருக்குப் போவார். அந்த வாரத்து மடல்களில் சண்டை சச்சரவையெல்லாம் தள்ளிவிட்டு, பாட்டைப் பிரித்துப் பேசியவற்றை மட்டும் பிரிண்ட் எடுப்பார். வீட்டுக்கு வந்து அந்தந்தக் கேசட்டைப் போட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். ரோமன் எழுத்திலிருந்து நாம் திஸ்கிக்கு, தனி எழுத்துரு இருந்தால்தான் தெரியும் அந்தப் பழைய தமிழ்க் குறியீட்டு முறைக்கு, மாறிய சமயம் நினைவிருக்கிறதா? சென்டர் கம்ப்யூட்டரில் எல்லாம் உடைந்த எழுத்தாகத் தெரிந்திருக்கிறது. யாரையோ பிடித்து அந்த எழுத்துருவை ஒரு ஃபிளாப்பியில் வாங்கிவைத்துக்கொண்டார். போகும்போதெல்லாம் அதைச் சட்டைப் பையில் எடுத்துப் போய், அங்கிருந்த பையனிடம் கொடுத்து ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாராம். யூனிகோட் என்ற ஒருங்குறி வரும்வரை இப்படித்தான். திஸ்கியில் சேமித்த மடல்களைத் திறக்க முடியாமல் நம்மில் படித்தவர்களே பாதிப் பேர் அப்போது வாசிப்பதை விட்டுவிட்டோம்.

பிரிண்ட் கிடைத்ததே பெரிது. தாள்களின் ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பேச்சு நின்றுபோனது.

ஒவ்வொரு மடலுக்குப் பக்கத்திலும் "ஏ பக்கம் 214", "பி பக்கம் 087" என்று எண்கள். டேப்ரிக்கார்டரில் மூன்று இலக்கத்தில் ஓடுமே, அந்தக் கவுண்ட்டர் எண். நாம் 'ஒரு நிமிடம் நாற்பதாவது விநாடியில் வயலின் பிரிகிறது' என்று எழுதினால், தன் கேசட்டில் அந்த இடம் எங்கே வருகிறது என்று தேடிக் குறித்திருக்கிறார். சிந்து பைரவியின் 'கலைவாணியே' பாட்டு கல்யாணி ராகத்தின் ஆரோகணத்தை (ஏறும் ஸ்வர வரிசையை) மட்டுமே வைத்துக் கட்டியது, இறங்கும் அவரோகணமே அதில் கிடையாது என்று நம் மயிலாடுதுறை ஐயா எழுதிய மடல் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில்: "ஏறுது, ஏறுது, இறங்கவே இல்லை. சரிதான். இத்தனை நாள் கவனிக்கலை." ராகத்தின் பெயரை அடிக்கோடிட்டு, அதே ராகத்தில் தனக்குத் தோன்றிய வேறு இரண்டு பாட்டுகளைக் கீழே எழுதியிருக்கிறார். இரண்டும் சரி. முறையாகச் சங்கீதம் படிக்காத மனிதர்.

ஹவ் டு நேம் இட் இழைக்கு ஒரு ஃபைலே தனியாக இருக்கிறது. 1986இல் வந்த அந்தத் தொகுப்பை ராஜா ஏன் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை ஜே.எஸ். பாக்குக்கும் (Bach) சமர்ப்பித்தார் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். அதை வாசித்துவிட்டு மதுரைக்குப் போய் அந்தக் கேசட்டை வாங்கியிருக்கிறார். ரசீதும் அந்த ஃபைலிலேயே இருக்கிறது. ஓரத்தில், "பாட்டு இல்லாத கேசட். முதல்ல புரியலை. இப்ப ஷிப்ட் முடிஞ்சு வந்தா இதுதான்."

இன்னொரு தாள். ஒரு பாட்டில் இடது பக்கம் ஒரு கிட்டாரும் வலது பக்கம் இன்னொன்றும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போல வாசிக்கும் என்று யாரோ எழுதியிருந்தோம். பக்கத்தில் பென்சிலில்: "நம்ம செட்டுல ஒரே ஸ்பீக்கர். கேக்கலை." அதற்குக் கீழே வேறு பேனாவில், வேறு வருடத்தில்: "2009 தீபாவளி. பாப்பா ஹெட்போன் வாங்கிக் குடுத்தா. ரெண்டும் கேட்டுச்சு." ஒரு வரி வாசித்துவிட்டு அதைத் தன் காதால் கேட்பதற்கு இத்தனை வருடம் காத்திருந்திருக்கிறார். மறக்கவில்லை. ஹெட்போன் கைக்கு வந்ததும் பழைய ஃபைலை எடுத்துப் புரட்டி, அந்தத் தாளைத் தேடிப்பிடித்து, கேட்டு, குறித்தும் வைத்திருக்கிறார். நாம் எழுதிய எதற்காவது இதைவிடப் பெரிய பதில் வந்ததுண்டா?

என் மடல் ஒன்றும் அதில் இருந்தது. 'தென்றல் வந்து தீண்டும்போது' பற்றி, திருச்சியில் விடுதியில் இருந்த நாளில் எழுதியது. அப்பா தவறிய வருடம். பாட்டைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ எழுதிவைத்திருந்தேன். அதற்குக் குழுமத்தில் ஒருவரும் பதில் போடவில்லை. எனக்கே மறந்துபோன மடல் அது. அதன் அடியில் இருந்தது: "இத எழுதுன பிள்ளை யாரோ. நல்லா இருக்கட்டும்."

அண்ணாச்சி, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்ல? நான் நல்லா இருக்கேன், அண்ணாச்சி.

ஏன் ஒரு தடவைகூட எழுதவில்லை என்று போனில் கேட்டேன். "நீங்கல்லாம் பேசுறதுக்கு நடுவுல நான் என்னத்தம்மா சொல்ல? வாசிச்சாப் போதும்னு இருந்துட்டேன்" என்றார். அதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களில் எழுதுவது நாற்பது பேர் என்று நாம் எத்தனை முறை அலுத்துக்கொண்டிருக்கிறோம்! எழுதாதவர்களை நீக்கிவிடலாமா என்றுகூட ஒரு சமயம் பேச்சு வந்தது. அன்று "கேட்பவர்கள் இருக்கட்டும்" என்று தனி ஆளாக மறுத்து நின்ற சிங்கப்பூர் அண்ணனுக்கு இப்போது கைகூப்பி நன்றி சொல்கிறேன். அண்ணே, அன்று நீங்கள் விட்டுக்கொடுத்திருந்தால் அண்ணாச்சியின் ஃபைல் அந்த வருடத்தோடு நின்றிருக்கும். குழுமத்தை நடத்தியது எழுதிய நாற்பது பேர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. இன்னும் எத்தனை ஊரில், எத்தனை பெட்டிக்குள், யார் யார் நம்மை வாசித்துக்கொண்டிருந்தார்களோ.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். பேர் பேராகச் சொன்னால் இந்த மடல் முடியாது, ஆகவே சேர்த்துச் சொல்கிறேன். இரவெல்லாம் விழித்திருந்து யாஹூவிலிருந்து பதிவிறக்க முடிந்ததையெல்லாம் இறக்கிவைத்த பெங்களூர்த் தம்பிகள் மூவர், திஸ்கியில் கிடந்ததை ஒருங்குறிக்கு மாற்றி, உடைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்திய யாழ்ப்பாணத்து மாஸ்டர், எக்கோ இசைத்தட்டுகளின் உறைகளைப் பார்த்துப் பாடகர் பெயர், வருடம் எல்லாவற்றையும் மறுபடி எழுதித்தந்த சேலம் அண்ணன், சண்டை முற்றும்போதெல்லாம் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பேசிச் சமாதானம் செய்த பெரியவர், அவர் இப்போது நம்மோடு இல்லை, எல்லோருக்கும் நன்றி.

டொராண்டோ அக்காவுக்கு மட்டும் இரண்டு வரி கூடுதலாக. பாடகர் எஸ்.பி.பி. கொரோனாவால் மருத்துவமனையில் இருந்த நாட்களில், நாளுக்கு நாள் வந்த அறிக்கையை வைத்துக்கொண்டு நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பயந்தோம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் எக்மோ கருவி என்றால் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று நர்ஸாக இருக்கும் அக்கா தன் வேலைக்கு நடுவில் எளிய தமிழில் எழுதிக்கொண்டே இருந்தார். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு அவரவர் வீட்டில் அவரவர் பாட்டைப் போட்டுப் பிரார்த்தனை செய்தோமே, அப்போது டொராண்டோவில் காலை எட்டரை மணி. அக்காவும் அங்கே உட்கார்ந்திருந்தார். செப்டம்பர் 25இல் எஸ்.பி.பி. மறைந்த பிறகு இரண்டு வாரம் யாரும் இன்டர்லூட்டைப் பற்றி எழுதவில்லை. முதலில் எழுதியதும் அக்காதான். எழுத வைத்ததற்கு நன்றி அக்கா.

ஒரு இழை மட்டும் முடியாமல் நிற்கிறது. 1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ராஜா பதிவு செய்த சிம்பொனி. எப்போது வரும் என்று நம் குழுமம் தொடங்கிய மாதத்திலேயே ஒருவர் கேட்டார். வருடா வருடம் ஜூனில் ராஜாவின் பிறந்தநாளன்று யாராவது அதே கேள்வியை மறுபடி போடுவோம். அண்ணாச்சியின் முதல் ஃபைலிலும் அந்த முதல் மடல் இருக்கிறது. ஓரத்தில் கவுண்ட்டர் எண் எழுதக் கோடு மட்டும் போட்டு, இடம் விட்டு வைத்திருக்கிறார். அது வெளிவருகிற அன்று முதலில் அழைப்பது ராஜபாளையத்துக்குத்தான். இது சத்தியம்.

காகிதங்களைப் பற்றி அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அடிச்சு முடிச்சதும் திருப்பி அனுப்பிருவீங்கள்லம்மா? சாயங்காலம் வாசிக்கிறதுக்கு வேணும்." தபால் செலவைக்கூட வாங்க மறுத்துவிட்டார். ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஓரக்குறிப்புகளையும் சேர்த்தே செய்வேன். கவுண்ட்டர் எண்ணைக்கூட விட மாட்டேன். நம் மடல்களை இனி யார் வாசித்தாலும் அவருடைய பென்சிலோடுதான் வாசிக்க வேண்டும். முடிந்ததும் ஃபைல்களைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. தொற்று அடங்கட்டும், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். யாரெல்லாம் கூட வருகிறீர்களோ வாருங்கள்.

2002 முதல் 2007 வரை எழுதியவர்கள் 14ஆம் தேதி இரவுக்குள் உங்கள் தனி மின்னஞ்சல் முகவரியை எனக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் மடலுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் படமெடுத்து ஒவ்வொருவருக்கும் அனுப்புகிறேன். பதில் வரவில்லையே என்று அன்று வருத்தப்பட்டவர்கள் அவசியம் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மட்டுறுத்துநர்களில் ஒருத்தி