குழாயைத் தொட்டால் கரண்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 74, நீரிழிவும் இருக்கிறது. குளியலறைக் குழாயைத் திறக்கும்போது கை சுள்ளென்றதை நரம்புக் கோளாறு என்று நினைத்து, இரண்டு நாளாக எங்களிடம் சொல்லவேயில்லை. மூன்றாம் நாள் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று நான் குழாயைப் பிடித்தேன். எனக்கும் சுள்ளென்றது. ரெஸ்ரரை வைத்தால் குழாயிலேயே எரிகிறது!

உடனே மெயின் சுவிற்சை நிறுத்தினோம். எலக்ரீசியன் வந்து எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பிரிட்ஜைப் போட்டதும் குழாயில் ரெஸ்ரர் எரிந்தது. குசினியில் இருக்கும் பிரிட்ஜுக்கும் குளியலறைக் குழாய்க்கும் என்ன தொடர்பு?

எங்களுடையது பழைய வீடு. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் ஏர்த் வயரை, கிணற்றுக்குப் போகும் இரும்புப் பைப்பில்தான் கட்டியிருந்தார்கள். போன வருடம் மண்ணுக்குள் கிடந்த பைப் துருப்பிடித்து ஒழுக, அந்தத் துண்டை வெட்டி பிவிசி போட்டோம். பிவிசி கரண்டைக் கடத்தாது. பிரிட்ஜில் கசிந்த கரண்ட் ஏர்த் வயரால் பைப்புக்கு வந்து, மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், சுவருக்குள் மிச்சமிருந்த இரும்புப் பைப் வழியாகக் குழாய்வரை வந்திருக்கிறது. பைப் வேலைக்கு வந்தவர் வயரைக் கவனிக்கவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

பியூஸ் இருக்கிறதே என்று நானும் நம்பியிருந்தேன். பியூஸ் எரியப் பல அம்பியர் வேண்டும். ஓர் ஆளின் உயிர் போக அம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே நிறுத்திவிடும் ரிப் சுவிற்ச் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. இப்போது போட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை அதன் ரெஸ்ற் பொத்தானை அமத்திப் பார்க்கவேண்டுமாம். ஏர்த்துக்குத் தனியாகச் செப்புக் கம்பியும் அடித்தாயிற்று. வீட்டுப் பக்கத்தில் மூன்றடியிலேயே சுண்ணாம்புக்கல் தட்டியது. அத்தோடு விடாமல், ஈரம் காயாத கிணற்றடிப் பக்கம் இடம் பார்த்து எலக்ரீசியன் முழுக் கம்பியையும் இறக்கினார், பிறகு ஏர்த் சரியாக இருக்கிறதா என்று மீற்றர் வைத்து அளந்தும் காட்டினார். அப்படிச் செய்யச்சொல்லி நாங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும்.

குழாயில் இலேசாகச் சுள்ளென்றாலும் அதைத் திரும்பத் தொட்டுப் பார்க்காதீர்கள். காய்ந்த கையோடு, செருப்பும் போட்டுக்கொண்டு மெயினை நிறுத்துங்கள். பழைய வீட்டில் பைப் மாற்றுகிறவர்கள், இரும்புப் பைப்பில் எங்காவது வயர் கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், எலக்ரீசியன் வந்து பார்க்கும்வரை பைப்பை வெட்ட விடாதீர்கள்.

வாசகி,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.