ஜூலியர் கணவாய்ப் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை நம் கார்களில் சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து ஜூலியர் கணவாய் வழியாகச் சில்வாப்ளானாவுக்குச் செல்கிறோம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்குப் போகலாமே என்று கேட்ட நண்பர்களுக்கு ஒரு விளக்கம்: 2757 மீட்டர் உயரத்திலுள்ள அந்தப் பாதை குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும், 2284 மீட்டர் உயரமுள்ள ஜூலியர் ஆண்டு முழுவதும் திறந்திருந்தாலும், கடும் பனிப்பொழிவின்போது தற்காலிகமாக அடைக்கப்படுவதுண்டு என்பதால், புறப்படும் முன் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கோடைக்கால டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். பக்கவாட்டில் மலைச்சிகரமும் பனித்துகளும் பொறித்த குளிர்கால டயர் இல்லாத காரைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். சுவிட்சர்லாந்தில் இதற்குப் பொதுவான சட்டக் கட்டாயம் இல்லைதான். ஆனால் நம் குழுவில் உண்டு. நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கு உதவுமே தவிர, நிறுத்துவதற்கு உதவாது.

வழியிலுள்ள பீவியோ கிராமத்தைத் தாண்டியதும் நிழல் விழும் வளைவுகளில் வெறும் ஈரம்போல் மினுங்குவது பெரும்பாலும் மெல்லிய பனிக்கட்டிதான். சென்ற ஆண்டு அத்தகைய ஒரு வளைவில், இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்ததற்கே என் பின்சக்கர இயக்கக் காரின் பின்புறம் பக்கவாட்டில் நழுவியது. ஆகவே இறக்கத்தில் முன்கூட்டியே கியரைக் குறைத்து, வளைவுக்கு முன்பே மெதுவாகப் பிரேக் பிடித்து, ஸ்டீயரிங்கை நிதானமாகத் திருப்புங்கள். காரைச் சீறிப் பாயவைக்கும் ஸ்போர்ட் மோடை வீட்டிலேயே மறந்துவிடலாம். எதிரே மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து வந்தால், அதன் ஓட்டுநர் காட்டும் சைகைப்படி ஒதுங்கி வழிவிடுங்கள்.