எழும்பூர் மியூசியம் தியேட்டரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தமிழ் நாடகம்: கோரிக்கை மனு

அனுப்புநர்
தமிழாசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி, வடசென்னை.
(பெயர், பள்ளி முகவரி, தலைமையாசிரியரின் ஒப்புதல் கடிதம் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை,
அரசு அருங்காட்சியகம்,
பாந்தியன் சாலை, எழும்பூர், சென்னை 600 008.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: அருங்காட்சியக வளாகத்தில் உள்ள மியூசியம் தியேட்டரில், அரசு மற்றும் மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்காக மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் தமிழ் நாடகம் நடத்த அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

வணக்கம். ஒவ்வொரு வருடமும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்து வருவது என் வழக்கம். திமிங்கல எலும்புக்கூட்டின் அடியில் நின்று வாயைப் பிளப்பார்கள். அமராவதிச் சிற்பங்களிடம் கொஞ்சம் அவசரப்படுவார்கள். திருவாலங்காட்டு நடராசரைப் பார்த்ததும் எப்படியோ அமைதியாகிவிடுவார்கள். போன முறை வந்தபோது, வெளியே மரத்தடியில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பையன், எதிரே வளைந்து நின்ற சிவப்புக் கட்டடத்தைக் காட்டி, “அது எந்த காலரி டீச்சர்?” என்று கேட்டான். காலரி இல்லை, தியேட்டர் என்றேன். “என்ன படம் ஓடுது?” என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவன் தினமும் காலையில் வரிசையில் நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு நாடகத்திலிருந்து எடுத்தது. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம், 1891-இல் வந்த நாடக நூல். ஆக, ஒரு நாடகத்தின் தொடக்கப் பாடலோடுதான் எங்கள் பள்ளியில் ஒவ்வொரு நாளும் தொடங்குகிறது. பாடுகிற பிள்ளைகளில் நாடகம் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று மறுநாள் வகுப்பில் கேட்டேன். நான்கு கைகள் உயர்ந்தன. நான்கு பேரும் திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். திருவிழாவில் தாத்தாவோடு உட்கார்ந்து விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை கூடக் கை தூக்கவில்லை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நடத்தும்போது மேடையின் அளவைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகளையும் சாக்பீஸில் தொங்கவிடுவேன். மேலிருந்து இறங்கும் திரைக்கும் இரண்டு பக்கத்திலிருந்து வந்து சேரும் திரைக்கும் உள்ள வித்தியாசம், திரை விலகுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்காதவர்களுக்கு எப்படிப் புரியும்? மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் போடுகிறேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

அதனால் சென்ற ஆண்டு ஒரு மாலை, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் மியூசியம் தியேட்டருக்கு நாடகம் பார்க்க அழைத்து வந்தேன். டிக்கெட் செலவை நாங்கள் மூன்று ஆசிரியர்கள் பங்கு போட்டுக்கொண்டோம். மேடையைச் சுற்றி அரைவட்டமாக ஏறிப்போகும் இருக்கைகளில் பின்வரிசைதான் எங்களுக்குக் கிடைத்தது. நாடகத்தில் ஒரு தாய், தூங்குகிற மகனிடம் ரகசியம் போலப் பேசுகிற இடம் ஒன்று வந்தது. என் பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து இழுத்து, “மைக் எங்க டீச்சர் ஒளிச்சு வெச்சிருக்காங்க?” என்றாள். மைக்கே இல்லை என்றதும் நம்பவில்லை. நாடகம் முடிந்த பிறகு மேடை ஓரம் வரை போய்த் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், மனிதக் குரலை மட்டும் நம்பிக் கட்டிய அரங்கு அது. அதை என்னால் வகுப்பில் சொல்லத்தான் முடியும். அவள் அதைத் தன் காதாலேயே கேட்டாள்.

இந்த இடத்தின் கதை என்னைவிடத் தங்கள் துறைக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் கோரிக்கைக்கு ஆதாரமே அதுதான் என்பதால் சொல்லிவிடுகிறேன். தியேட்டர் எழுந்தது 1896-இல், பக்கத்துக் கன்னிமாரா நூலகம் திறந்த அதே ஆண்டில். நாடகமோ இந்த மண்ணுக்கு அதற்கும் நூறு வருடம் முன்பே வந்துவிட்டது. 1793-இல் ஊரின் பொதுக் கேளிக்கைகளைக் கவனிக்க இருபத்து நான்கு பேர் கொண்ட குழு ஒன்று இந்தத் தோட்டத்தை வாங்கியது. பாந்தியன் என்று பெயர் பெற்ற மண்டபத்தில் வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்தினார்கள். சாலைக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. அருங்காட்சியகம் இங்கே குடிவந்தது 1854-இல். அதாவது இந்த வளாகத்தில் சிலைகளுக்கும் நாணயங்களுக்கும் முந்திய குடி நாடகம். அன்றைக்கு நம் ஆட்களுக்கு அதில் இடம் இருந்திருக்காது. இன்றைக்கு இருக்கலாமே.

பழைய மெட்ராஸ்காரர்கள் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். என் பாட்டி கடைசி வரை அப்படித்தான் சொன்னார். அந்த உயிர் காலேஜும் 1855-இல், அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த பால்ஃபர் துரை காலத்தில் இதே வளாகத்தில் பிறந்து, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனதுதான். செத்த காலேஜுக்குள் இன்னமும் உயிரோடு இருப்பது இந்தத் தியேட்டர் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, பிற்பகல் 2 மணிக்கு, ஒரு மணி நேரத்துக்கு மிகாத தமிழ் நாடகம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மாலைக் காட்சி என்றால் இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை வீடு சேர்ப்பது சிரமம். இரண்டு மணிக்குத் தொடங்கினால் காலையில் காட்சிக்கூடங்களைப் பார்த்து, மரத்தடியில் சாப்பிட்டு, நாடகமும் பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே பேருந்து ஏறிவிடலாம். மாலையில் அரங்கை வாடகைக்கு எடுக்கும் குழுக்களுக்கும் இடைஞ்சல் வராது.

நாடகம் மைக் இல்லாமல் நடக்க வேண்டும் என்பதை மட்டும் தயவுசெய்து நிபந்தனையாகவே வைக்க வேண்டுகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பள்ளி ஆண்டு விழாவில் ஒலிபெருக்கி அலறும் நாடகங்களைப் பிள்ளைகள் நிறையப் பார்க்கிறார்கள். அதற்கு எழும்பூர் வரை வர வேண்டியதில்லை. நாடகம் முடிந்ததும் கால் மணி நேரம் நடிகர்கள் வேஷத்தைக் கலைக்காமல் பிள்ளைகளோடு பேசட்டும். ஒப்பனை அறையையும் திரைக் கயிற்றையும் காட்டட்டும்.

செலவைப் பற்றியும் யோசித்தேன். தங்கள் துறை அன்று ஒரு பிற்பகலுக்கு அரங்கை வாடகையின்றித் தந்தால் போதும். நாடகக் குழுக்களைத் தேர்ந்தெடுத்து மதிப்பூதியம் தர தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தைக் கேட்கலாம். பிள்ளைகளை அழைத்து வரும் பொறுப்பு பள்ளிகளுடையது. ஆங்கில நாடகக் குழுக்களுக்கு இந்த அரங்கு பல காலமாகத் தாய்வீடு மாதிரி. அவர்கள்மேல் எனக்குப் பொறாமை எல்லாம் இல்லை, அவர்களால்தான் அரங்கு உயிரோடு இருக்கிறது. தமிழுக்கும் மாதத்தில் ஒரு மதியம் வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் மாவட்ட அளவில் வெற்றி பெறும் நாடகங்கள் பரிசளிப்போடு மறந்துபோகின்றன. வருடத்தில் ஒரு சனிக்கிழமையை அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, இதே மேடையில் நடிக்கவிடலாம். பின்வரிசை வரை தன் குரல் போய்ச் சேர்வதை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை தெரிந்துகொள்வதைவிடப் பெரிய கோப்பை எனக்குத் தெரிந்து இல்லை.

காலில் கேலிப்பர் அணிந்த மாணவி ஒருத்தியும், சக்கர நாற்காலியில் வரும் மாணவன் ஒருவனும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் வாசலில் தற்காலிகச் சாய்தளப் பலகை வைக்கவும், முன்வரிசையில் இடம் ஒதுக்கவும் ஏற்பாடு செய்தால் அவர்களையும் அழைத்து வருவேன்.

முதலில் மூன்று மாதம் சோதனையாகச் செய்து பார்க்கலாம். முதல் காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்தும் பக்கத்து இரண்டு பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வர நாங்கள் ஒன்பது ஆசிரியர்கள் பொறுப்பேற்கிறோம். எங்கள் கையெழுத்துகள் இணைப்பில் உள்ளன. நேரில் விளக்கம் தேவைப்பட்டால், தாங்கள் குறிக்கும் எந்த நாளிலும் மாலை 4.30 மணிக்கு மேல் அலுவலகம் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
தமிழாசிரியை

இணைப்பு: பெயர், முகவரி விவரம், தலைமையாசிரியரின் ஒப்புதல் கடிதம், ஒன்பது ஆசிரியர்களின் கையெழுத்துகள்.

நகல்: உறுப்பினர் செயலர், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், சென்னை.